கேமன் தீவில் ஆடிட் வேலை: பெண்ணை அனுப்பலாமா?

கோவையிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகள் சிஏ முடித்து மூன்று ஆண்டு ஆகிறது, பெங்களூரில் ஒரு பெரிய ஆடிட் நிறுவனத்தில் வேலை. இப்போது கரீபியன் கடலில் உள்ள கிராண்ட் கேமன் தீவிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது. “எங்கள் சொந்தத்தில் யாரும் அந்த ஊர்ப் பெயரைக்கூடக் கேட்டதில்லை. வரியே கிடையாதாம், அதனால் அது கறுப்புப் பண ஊர் என்கிறான் என் தம்பி. கல்யாண வயது வேறு. என்ன செய்யட்டும்?” என்று கேட்கிறார்.

அம்மா, ஆஃபர் உண்மையானதாக இருந்தால் தாராளமாக அனுப்புங்கள். ஆனால் பெண் அங்கே குடியேறப் போகிறாள் என்று நினைக்காதீர்கள். இது தவணை வைத்த வேலை. மூன்று ஆண்டோ ஐந்து ஆண்டோ, கிளம்பும்போதே ஒரு கணக்கு வைத்துக்கொண்டு போக வேண்டிய இடம். இந்த ஒன்று மனதில் இருந்தால் மற்றக் கேள்விகளுக்கு விடை சொல்வது சுலபம்.

ஒரு லட்சம் பேர்கூட இல்லாத ஒரு பிரிட்டிஷ் கடல்கடந்த ஆட்சிப்பகுதிக்கு கோவைப் பெண் எதற்கு? காரணம் இருக்கிறது. பெரும் பணக்காரர்களிடமும் நிறுவனங்களிடமும் பணம் திரட்டி முதலீடு செய்கிறவை ஹெட்ஜ் ஃபண்டுகள். உலகில் அவற்றில் பெரும் பங்கு கேமனில்தான் பதிவாகிறது. பதிவான ஒவ்வொரு ஃபண்டும் ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கை அங்கே நிதித் துறையைக் கண்காணிக்கும் நாணய ஆணையத்திடம் கொடுக்க வேண்டும். அந்தத் தணிக்கையில், ஆணையம் ஏற்றுக்கொண்ட உள்ளூர் ஆடிட் நிறுவனத்தின் கையெழுத்து இருக்க வேண்டும். 2020-ல் பிரைவேட் ஃபண்ட் சட்டம் வந்ததும் பங்குச்சந்தைக்கு வராத நிறுவனங்களில் முதலீடு செய்யும் பிரைவேட் ஈக்விட்டி ஃபண்டுகளும் இந்த வளையத்துக்குள் வந்துவிட்டன. கையெழுத்து அங்கே விழ வேண்டும், அவ்வளவு வேலையைச் செய்ய உள்ளூரில் ஆள் போதாது. அதனால்தான் பிக் ஃபோர் எனப்படும் உலகின் நான்கு பெரிய ஆடிட் நிறுவனங்கள் உட்பட எல்லாரும் இந்தியா, பிலிப்பைன்ஸ், தென்னாப்பிரிக்கா, கனடா என்று ஆள் எடுக்கிறார்கள். சிஏவோடு மூன்று ஆண்டு ஆடிட் அனுபவமும் உள்ள உங்கள் பெண் அவர்கள் தேடுகிற ஆள்தான். அந்த வகையில் இந்த ஆஃபரில் சந்தேகப்பட எதுவும் இல்லை.

தம்பி சொன்னதையும் ஒதுக்கிவிட வேண்டாம். பணமோசடித் தடுப்பில் குறை இருக்கிறதென்று எஃப்ஏடிஎஃப் என்ற சர்வதேசக் கண்காணிப்பு அமைப்பு 2021 பிப்ரவரியில் கேமனைக் கிரே லிஸ்டில், அதாவது கூடுதலாகக் கண்காணிக்கும் நாடுகளின் பட்டியலில், வைத்தது உண்மை. குறைகளைச் சரிசெய்ததும் 2023 அக்டோபரில் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்தும் விட்டது. தனிநபர் வருமான வரி இல்லாத ஊரில் சம்பளம் வாங்குவது எந்த வகையிலும் குற்றம் அல்ல. உங்கள் பெண் பார்க்கப்போவது கணக்கைச் சரிபார்க்கிற வேலை. அந்த அனுபவத்துக்கு லக்சம்பர்க், டப்ளின், ஜெர்சி, நியூயார்க் என்று ஃபண்ட் தொழில் நடக்கும் எல்லா இடத்திலும் மதிப்பு உண்டு. இப்போது குஜராத்தில் உள்ள கிஃப்ட் சிட்டி என்ற சர்வதேச நிதி மையத்திலும் ஃபண்ட் வேலை வளர்ந்து வருகிறது. நான் தவணை வேலை என்று சொல்வது இதை மனதில் வைத்துத்தான். கேமனுக்குப் பிறகு எங்கே என்ற கேள்விக்கு அவளிடம் நல்ல பதில்கள் இருக்கின்றன.

இனி பெர்மிட். எல்லாரும் முதலில் சம்பளத்தைத்தான் பார்க்கிறார்கள், நான் முதலில் பார்க்கச் சொல்வது இதை. கேமனில் வேலை அனுமதியை வோர்க் என்ற அரசுத் துறை தருகிறது. விண்ணப்பிப்பது நிறுவனம், உங்கள் பெண் அல்ல. வேலையை உள்ளூரில் விளம்பரம் செய்து, தகுதியுள்ள கேமன் குடிமக்களுக்கு முன்னுரிமை கொடுத்த பிறகுதான் வெளிநாட்டவரை எடுக்க முடியும். ‘அங்கே போய் இறங்கிவிட்டால் ஏதாவது கிடைக்கும்’ என்ற பேச்சு இந்தத் தீவில் எடுபடாது. வேலை கையில் இருந்தால்தான் பயணம்.

அனுமதி அந்த ஒரு நிறுவனத்துக்கு, அந்த ஒரு பதவிக்கு. வேறு நிறுவனத்துக்கு மாற வேண்டுமென்றால் அவர்கள் புதிதாக விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். முதல் இரண்டு ஆண்டுக்குள் அப்படி மாறுவது லேசில் நடக்காது. மேலாளரோடு ஒத்துப்போகவில்லை என்று பெங்களூரில் மூன்று மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு அடுத்த நிறுவனத்தில் சேர்வதுபோல அங்கே சேர முடியாது. அதனால் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் கூடாது. அந்த அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் இந்தியர்கள் ஒருவர் இருவரிடமாவது லிங்க்ட்இன் வழியாகப் பேசச் சொல்லுங்கள். ‘ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை?’ என்று நேராகவே கேட்கட்டும். டிசம்பரோடு ஆண்டு முடியும் ஃபண்டுகள்தான் அதிகம் என்பதால் ஆடிட்டின் முழுச் சுமையும் அந்த மாதங்களில்தான் விழும். பொங்கலுக்கு ஊருக்கு வர மாட்டாள், அதற்கு இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

வேலை அனுமதியில் இருக்கும் காலத்துக்கும் வரம்பு உண்டு. இதுவரையிலான விதிப்படி ஒன்பது ஆண்டு முடிந்தால் தீவை விட்டுக் கிளம்ப வேண்டும். அதற்குள் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் அது மதிப்பெண் முறைப்படி வடிகட்டிக் கொடுக்கப்படுவது. இந்தச் சட்டங்களை அடிக்கடி திருத்துகிறார்கள், கையெழுத்துப் போடும் வாரத்தில் வோர்க் துறையின் தளத்தில் ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

அப்புறம் ஒரு குழப்பம். பார்படாஸ் 2020-லிருந்து தரும் ‘வெல்கம் ஸ்டாம்ப்’ பற்றிப் படித்துவிட்டு, கரீபியனில் எங்கும் சுலபமாக வேலை செய்யலாம் என்று நினைக்கிறார்கள். அது ஏற்கெனவே வெளிநாட்டு நிறுவனத்தில் ஆண்டுக்கு 50,000 அமெரிக்க டாலர் சம்பாதிப்பவர் அங்கே உட்கார்ந்து தன் வேலையைப் பார்ப்பதற்கான அனுமதி. உள்ளூரில் வேலை தேட உதவாது. ஒவ்வொரு தீவுக்கும் அதனதன் சட்டம், ஒன்றின் கதையை இன்னொன்றுக்குப் பொருத்தக் கூடாது.

பணக் கணக்குக்கு வருவோம். ஆஃபர் லெட்டரில் முதலில் பார்க்க வேண்டியது, சம்பளம் எந்த டாலரில் என்பதை. ஒரு கேமன் டாலர் 1.20 அமெரிக்க டாலருக்குச் சமம், அது நிலையாகக் கட்டப்பட்ட மதிப்பு. 60,000 என்று எழுதியிருப்பது கேமன் டாலர் என்றால் 72,000 அமெரிக்க டாலர். அமெரிக்க டாலர் என்றால் வெறும் 60,000. மளிகைக் கடையில் விலை கேமன் டாலரில்தான்.

வருமான வரி இல்லை என்பதால் முழுச் சம்பளமும் மிச்சம் என்று நினைக்க வேண்டாம். இறக்குமதிப் பொருள் பெரும்பாலானவற்றுக்கு 22 சதவீதம் சுங்க வரி, தீவில் விற்பதெல்லாம் ஏறக்குறைய இறக்குமதிதான். பருப்பும் மசாலாவும் கிடைக்கும், விலையைப் பார்த்தால் உங்களுக்கு மனம் வராது. குடிநீர் கடல்நீரைச் சுத்திகரித்து வருவது, மின்கட்டணமும் அதிகம். எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு வாடகை. முதல் ஆண்டு இன்னொரு பெண்ணோடு வீட்டைப் பகிர்ந்துகொள்ளச் சொல்லுங்கள். அலுவலகம் இருக்கும் ஜார்ஜ் டவுனுக்கு அருகிலேயே வீடு கிடைத்தால் காரைத் தள்ளிப் போடலாம், மினிபஸ் ஓடுகிறது.

மருத்துவக் காப்பீட்டை நிறுவனம் எடுத்தே ஆக வேண்டும், பிரீமியத்தில் பாதி வரை சம்பளத்தில் பிடிக்கலாம். ஒன்பது மாதம் முடிந்ததும் ஓய்வூதியப் பிடித்தமும் தொடங்கும், ஊதியத்தில் 5 சதவீதம், நிறுவனமும் அதே அளவு போடும். தீவை விட்டுக் கிளம்பும்போது கையில் வாங்கி வரும் பணமாக அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இந்தப் பிடித்தங்களுக்குப் பிறகு மாதம் கையில் வருவது எவ்வளவு என்று நிறுவனத்திடமே எழுதிக் கேட்கலாம், தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்திய வரி பற்றி உங்கள் பெண்ணுக்கே தெரியும், இருந்தாலும் ஞாபகப்படுத்துங்கள். வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் நிதியாண்டில் (ஏப்ரல் முதல் மார்ச் வரை) அவள் இந்தியாவில் இருப்பது 182 நாளுக்குக் குறைவாக இருந்தால் அந்த ஆண்டிலேயே வெளிநாடுவாழ் இந்தியர் ஆகிவிடலாம். செப்டம்பர் 28-க்குள் விமானம் ஏறுவதற்கும் நவம்பரில் ஏறுவதற்கும் இதில் பெரிய வித்தியாசம் உண்டு. இங்குள்ள சேமிப்புக் கணக்கை, வெளிநாடுவாழ் இந்தியரின் இந்திய வருமானத்துக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும், அங்கிருந்து அனுப்புகிற சம்பளத்துக்கு என்ஆர்இ கணக்கு.

பயண வழியில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கிராண்ட் கேமனுக்குப் பெரும்பாலான விமானங்கள் மயாமி போன்ற அமெரிக்க நகரங்கள் வழியாகத்தான். விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசா தேவை. அதற்கு நேர்காணல் தேதி கிடைக்கவே மாதங்கள் ஆகலாம். லண்டன் வழியும் டொரண்டோ வழியும் உண்டு, அவற்றுக்கும் அந்தந்த நாட்டு விசா விதியைப் பார்க்க வேண்டும். பாஸ்போர்ட் சேவா மூலம் பிசிசி எனப்படும் காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழ், மருத்துவப் பரிசோதனை, இந்த விசா மூன்றையும் ஒன்றாகத் தொடங்கட்டும்.

பெர்மிட் கையில் வரும் வரை பெங்களூர் வேலையை ராஜினாமா செய்யவே கூடாது. ஆஃபர் லெட்டர் வந்த சந்தோஷத்தில் அன்று மாலையே நோட்டீஸ் கொடுத்துவிடுகிறார்கள். பெர்மிட் இழுத்தடித்தால் இரண்டு பக்கமும் சம்பளம் இல்லாமல் உட்கார வேண்டிவரும். ‘பெர்மிட் கிடைத்த நாளிலிருந்து தொண்ணூறு நாள் கழித்துச் சேர்கிறேன்’ என்று இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.

பாதுகாப்பைப் பற்றி உங்களுக்குள்ள கவலை நியாயமானது. ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். 2004 செப்டம்பரில் ஐவன் புயல் அந்தத் தீவைப் புரட்டிப் போட்டது. கட்டடங்கள் உறுதியானவை, எச்சரிக்கை முன்கூட்டியே வரும். ஆனாலும் வீடு பார்க்கும்போது கடலோரத் தரைத்தளம் வேண்டாம் என்று சொல்லுங்கள். மருத்துவத்துக்கு, பெங்களூரின் நாராயணா குழுமம் 2014-ல் அங்கே தொடங்கிய ஹெல்த் சிட்டி மருத்துவமனை இருக்கிறது. தூதரக உதவிக்கு ஜமைக்காவின் கிங்ஸ்டனில் உள்ள இந்திய ஹை கமிஷன். நம் நேரத்துக்கு அவர்கள் பத்தரை மணி நேரம் பின்னால். நீங்கள் காலை ஏழு மணிக்குக் காபியோடு உட்கார்ந்தால் அங்கே முந்தைய நாள் இரவு எட்டரை, நிதானமாகப் பேசலாம்.

கல்யாணம். பெண் அங்கே இருக்கும்போதே நிச்சயமானால், மாப்பிள்ளை அவளைச் சார்ந்தவராகப் போய்த் தங்க முடியுமா என்பது அவள் சம்பளத்தையும் அனுமதியையும் பொறுத்தது. போனாலும் அவர் வேலை செய்யத் தனி பெர்மிட் வேண்டும். இதை வரன் பார்க்கும்போதே மறைக்காமல் சொல்லுங்கள். பிள்ளைகள் பிறந்தால் வெளிநாட்டவரின் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தனியார் பள்ளிதான், கட்டணம் கடுமை. மூன்று ஆண்டு என்று வரையறுத்துக்கொண்டால் இந்தக் கவலைகளில் பாதி இப்போதைக்கு இல்லை. கல்யாணத்துக்காக ஆஃபரை மறுத்துவிடு என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். இருபத்தேழு வயதில் கிடைக்கும் இந்த அனுபவம் முப்பத்தைந்தில் இதே விதத்தில் கிடைக்காது.

கடைசியாக, ஆஃபர் உண்மையா என்ற சோதனை. பெர்மிட் கட்டணம் நிறுவனத்தின் பொறுப்பு, அதை ஊழியர் தலையில் கட்டுவதைக் கேமன் சட்டம் அனுமதிக்கவில்லை. ‘பெர்மிட் பீஸ் நீங்கள் கட்டுங்கள், பிறகு திருப்பித் தருகிறோம்’ என்று யாராவது கேட்டால் அதோடு பேச்சை முடித்துவிடுங்கள். இடையில் இந்திய ஏஜென்ட் இருந்தால் அவர் பெயர் மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் உரிமம் பெற்றவர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். சட்டப்படி அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். கடிதம் வந்த மின்னஞ்சல் நிறுவனத்தின் சொந்த முகவரியிலிருந்துதானா, அந்த அலுவலகத்தின் பொது எண்ணை அழைத்தால் மனிதவளத் துறை ஆஃபரை உறுதி செய்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள். ஒப்பந்தத்தில், ஓராண்டுக்குள் விலகினால் விமானச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற ஷரத்து இருக்கலாம். தொகையும் காலமும் எவ்வளவு என்று படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடட்டும்.