டிராக்டர் முன்பக்கம் தூக்குது, எத்தனை வெயிட் பிளேட் போடலாம்?

2,000 கிலோ டிராக்டர், பின்னால் மாட்டிய 550 கிலோ ரோட்டவேட்டர் (மண்ணைக் கிளறும் கருவி). தூக்கிக்கொண்டு வரப்பு ஏறினால் ஸ்டீரிங் பிடிப்பதில்லை என்கிறீர்கள். கருவி தூக்கிய நிலையிலும் டிராக்டர் எடையில் 20 சதவீதம், அதாவது 400 கிலோ, முன் அச்சில் இருக்க வேண்டும்.

வெறும் வண்டியில் முன் அச்சு எடை 700 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். ரோட்டவேட்டரின் எடை மையம் பின் அச்சுக்கு 1.4 மீட்டர் பின்னால், வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்) 2 மீட்டர் என்றால் 550 × 1.4 ÷ 2 = 385 கிலோ முன்னால் குறைந்துவிடும். மிச்சம் 315. பற்றாக்குறை 85 கிலோ.

ஆனால் 85 கிலோ வாங்கத் தேவையில்லை. பம்பரில் தொங்கும் வெயிட் முன் அச்சையும் தாண்டி 0.7 மீட்டர் தள்ளி இருந்தால் 1.35 மடங்கு அழுத்தும். 63 கிலோ போதும். மேடுபள்ளத்தில் கருவி குதிக்குமே, அதனால் 20 கிலோ பிளேட் நான்கு போடுங்கள்.

வாங்குமுன் ரோட்டவேட்டரைத் தூக்கி, முன்சக்கரங்களை மட்டும் எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். கணக்கைவிட அதுதான் நம்பகம். பிளேட்டுகளைக் கோத்த நீள போல்ட்டை முதல் நாள் வேலை முடிந்ததும் மறுபடி இறுக்குங்கள். ரோட்டவேட்டர் இல்லாதபோது கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் ஸ்டீரிங் கனக்கும், முன்சக்கரம் திரும்பும் கிங்பின்னும் பேரிங்கும் சீக்கிரம் தேயும்.