சீரியல் டாக்டர் இருக்கட்டும், மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள்?

ஏற்காட்டுச் சகோதரிக்கு,

கணவரை இன்றே சேலத்துக்கு அழைத்துப் போங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

மூளை ஆபரேஷன் முடிந்து கண் விழித்த சீரியல் நாயகன் மனைவியைப் பார்த்து "நீங்க யாரு?" என்று கேட்டதைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். மூளைக் கட்டி ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் உங்கள் கணவருக்கு, யூடியூபில் பார்த்துவிட்டு ஸ்டீராய்டு மாத்திரையை நிறுத்தியதும், இப்போது விடியற்காலையில் தலைவலி, வாந்தி, பகலெல்லாம் தூக்கம் என்பதும் கடைசியில் ஒரே வரி. எனக்குப் பயம் அந்த வரியில்தான்.

டெக்ஸாமெத்தசோன் என்ற அந்த ஸ்டீராய்டு, கட்டியைக் கரைக்கத் தருவதல்ல. கட்டியைச் சுற்றி மூளையில் உள்ள வீக்கத்தைக் குறைக்கத் தருவது. நிறுத்தினால் வீக்கம் திரும்பும். மண்டை ஓடு விரிந்து கொடுக்காது, அதனால் உள்ளே அழுத்தம் ஏறும். படுத்திருக்கும்போது அது இன்னும் கூடுவதால்தான் காலையில் வலியும் வாந்தியும். 'அசதி, தூங்கட்டும்' என்று விடாதீர்கள். எழுப்பியும் சரியாக விழிக்கவில்லை, பேச்சு குழறுகிறது, ஒரு பக்கக் கை கால் தளர்கிறது, வலிப்பு வருகிறது என்றால் உடனே 108. 20 கொண்டை ஊசி வளைவிலும் அவரே பைக் ஓட்டி வருவதெல்லாம் வேண்டாம். ஜி.எச். ஆனாலும் சரி, ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்த இடமானாலும் சரி, ஸ்கேன் ஃபிலிமையும் மாத்திரை அட்டையையும் காட்டி, என்றைக்கு நிறுத்தினீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள்.

இனி, சீரியல் நாயகனைப் போல இவரும் உங்களை மறந்துவிடுவாரோ என்ற பயம். அவருக்கு இருப்பது மெனிஞ்சியோமா. மூளையின் உறையில் கிளம்பி, வெளியிலிருந்து மூளையை அழுத்துகிற கட்டி. பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. ஆபரேஷனில் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். ரத்தக் கசிவு, தொற்று, வலிப்பு, கை கால் பலவீனம் எல்லாம் வரக்கூடியவை. கொஞ்ச நாள் குழப்பமும் இருக்கலாம். ஆனால் பேச்சு, நடை எல்லாம் சரியாக இருந்து, பெண்டாட்டி பிள்ளைகளை மட்டும் அடியோடு மறப்பது கதாசிரியருக்கு வசதியான வியாதி.

சீரியல் டாக்டர் ஆபரேஷன் தியேட்டர் கதவைத் திறந்து "24 மணி நேரம் போகணும்" என்று வியர்வை துடைப்பதும் அப்படித்தான். ஆபத்துகளை முன்கூட்டியே உட்கார வைத்துச் சொல்லித்தான் கையெழுத்து வாங்குவார்கள். மயக்கம் தெளிந்ததும் பெயரைக் கேட்பார்கள், விரலை இறுக்கிப் பிடிக்கச் சொல்வார்கள், கண்ணில் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். ஐ.சி.யூ.வில் இதையே திரும்பத் திரும்பச் செய்வார்கள். டிவியில் காட்ட முடியாத அளவுக்குச் சலிப்பான வேலை.

கட்டி செல்போனால் வந்ததா என்றால், அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. மொட்டை அடிப்பார்களா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சிலர் வெட்டும் இடத்தில் மட்டும் மழிப்பார்கள், சிலர் முழுக்க. முடி வளர்ந்துவிடும் அம்மா, முதலில் வண்டிக்குச் சொல்லுங்கள்.