கிரேன் நிற்கும்போதே போய்ப் பாருங்கள்

அன்புள்ள ஐயா,

பார்சிலோனா பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். மகன் அங்கே வேலையில் இருக்கிறான், கோடையில் நானும் மனைவியும் போகிறோம். சாக்ரடா ஃபமிலியா தேவாலயம் இன்னும் சாரமும் கிரேனுமாகத்தான் இருக்கிறதாம், டிக்கெட்டும் விலை அதிகமாம். கட்டி முடித்த பிறகு பார்ப்பதுதானே அழகு? இப்போதைக்கு வெளியே நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாமா?

ர.

அன்புள்ள ர.,

தயவுசெய்து உள்ளே போங்கள். டிக்கெட் காசை நினைத்துத் தயங்க வேண்டாம், அங்கே வேலை நடப்பதே பெரும்பாலும் அந்தக் காசில்தான்; 1882இல் அடிக்கல் நாட்டியதிலிருந்தே அது மக்கள் கொடுக்கும் பணத்தில் எழும்புகிற கட்டடம்.

முடியட்டும் என்கிறீர்கள். கட்டடக் கலைஞர் அந்தோனி கௌடி 1883இல் பொறுப்பேற்று, 1926இல் டிராம் மோதி இறக்கும்வரை அதிலேயே கிடந்தார், அப்படியும் அவர் கண்ணால் முழுசாகப் பார்த்த கோபுரம் ஒன்றே ஒன்றுதான். 1936இல் உள்நாட்டுப் போர் வெடித்தபோது அவருடைய பட்டறைக்குத் தீ வைத்தார்கள், பிளாஸ்டர் மாதிரிகளை நொறுக்கினார்கள். பின்னால் வந்தவர்கள் அந்தத் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டி, அவர் மனதில் என்ன இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் மேலே கட்டினார்கள். எட்சுரோ சோட்டோ என்ற ஜப்பானியச் சிற்பி 1978இல் அங்கே கல் கொத்தச் சேர்ந்தவர், அந்த ஊரிலேயே தங்கிவிட்டார். இத்தனை கைகள் மாறி மாறி வேலை செய்வதைக் கண்ணெதிரே பார்க்கக் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம்! எனக்கு அந்தச் சாரம் ஒருநாளும் உறுத்தியதில்லை.

உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பாருங்கள். தூண்கள் பாதி உயரத்துக்கு மேல் மரம்போலக் கிளை பிரிகின்றன, அது வெறும் அலங்காரம் இல்லை, கூரையின் பாரத்தை அந்தக் கிளைகள்தான் வாங்கிக் கீழே இறக்குகின்றன. எந்தத் தூணுக்கு எவ்வளவு பாரமோ அதற்கேற்ற கல்: நடுவில் அதிகம் சுமப்பவை சிவந்த போர்ஃபிரி, மற்றவை பசால்ட், கிரானைட், மணற்கல். காலையில் கிழக்குக் கண்ணாடிகள் வழியாக நீலமும் பச்சையும் இறங்கும், சாயங்காலம் மேற்கிலிருந்து ஆரஞ்சும் சிவப்பும். எனக்குச் சாயங்காலம்தான் பிடிக்கும்.

அப்புறம் கிழக்கு வாசல். அங்கே இரண்டு தூண்களின் அடியில் இரண்டு ஆமைகள், கடல் பக்கம் கடலாமை, மலைப் பக்கம் தரை ஆமை. பார்த்துவிட்டு எதிரே குளம் இருக்கிற பூங்காவில் உட்காருங்கள், பச்சைக் கிளிகள் கத்திக்கொண்டே இருக்கும். ஊருக்குத் தெற்கே மோன்ட்ஜுயிக் குன்று. மனிதன் கட்டுவது கடவுள் படைத்ததைத் தாண்டக்கூடாது என்று நடுக்கோபுரத்தை அதைவிடச் சற்றுக் குறைவாக, 172.5 மீட்டராக வைத்தார்கள். பழைய பகுதிகளுக்குக் கல் வந்ததும் அந்தக் குன்றிலிருந்துதான்.

ஒன்றில் மட்டும் எனக்கு மனம் ஒப்பவில்லை. தெற்கு வாசலின் பெரிய படிக்கட்டுக்காக எதிரே இருக்கிற குடியிருப்புகளை இடிக்க வேண்டிவரும் என்ற பேச்சு பல வருடமாக இருக்கிறது, அங்கே வசிப்பவர்கள் எதிர்க்கிறார்கள். நான் அவர்கள் பக்கம்தான். படிக்கட்டு இல்லாமலும் அது தேவாலயம்தான், வீடு போனால் அவர்கள் எங்கே போவார்கள்?

சரி, நுழைவு நேரத்தை இணையத்தில் முன்பே பதிவு செய்துவிடுங்கள், கோடையில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஒரு பைனாகுலரும் எடுத்துப் போங்கள், பக்கவாட்டு ஜன்னல்களுக்கு மேலே நிற்கும் சிறு கூம்புகளின் உச்சியில் உள்ள பழக்கொத்துகள் கீழிருந்து வெறும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது.