கழுவிவிட்டீர்களே!

கேள்வி: மாந்தோப்பில் பொக்லைன் விட்டுச் சமன் செய்தபோது, நடுவில் துளை உள்ள வட்டமான சுடுமண் பொருள் ஒன்று கிடைத்தது. சீயக்காய் போட்டுக் கழுவி, பூஜை அறையில் வைத்திருக்கிறோம். படம் அனுப்பியுள்ளேன். இது எதற்குப் பயன்பட்டது? ரோமானியரின் பன்னிரண்டு முக வெண்கல உருண்டை போல எத்தனையோ பழம்பொருட்களின் பயன் யாருக்கும் தெரியவில்லை. கேட்டால் 'சடங்குப் பொருள்' என்று சொல்லி அறிஞர்கள் நழுவுகிறார்கள். வேற்றுக்கிரகத் தொடர்பை மறைக்கிறார்களோ?
– மாந்தோப்புக்காரர், காவேரிப்பட்டணம்

பதில்: படத்தைப் பார்த்தேன். சந்தனம், குங்குமத்தோடு பளபளவென்று இருக்கிறது. அளவு தெரிய பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயமாவது வைத்திருக்கலாம். வடை அளவா, வண்டிச் சக்கர அளவா என்று எனக்கு எப்படித் தெரியும்?

நூல் நூற்கும் தக்களியின் வட்டாக இருக்கலாம். உங்கள் ஊரை ஒட்டித் தென்பெண்ணை ஓடுகிறது, அதனால் மீன்வலையில் கட்டிய குண்டாகவும் இருக்கலாம். ஒரு பிள்ளை இழுத்து விளையாடிய பொம்மை வண்டியின் சக்கரமாக இருந்தாலும் ஆச்சரியமில்லை. கையில் எடுத்தால் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். எது என்று காட்டிக்கொடுப்பது அது கிடந்த இடம். இதே மாதிரி ஏழெட்டு ஒரே வரிசையில் கிடந்தால் வலை என்று சந்தேகிக்கலாம். வீட்டுத் தரையில் கிடந்தால் ஒரு கதை, செத்தவர்களை அடக்கம் செய்த ஈமப் பேழைக்குள் எலும்போடு கிடந்தால் வேறு கதை. எத்தனை அடி ஆழம், பக்கத்தில் பழங்காலத்துக் கறுப்பு சிவப்புப் பானை ஓடு இருந்ததா, சாம்பல் இருந்ததா என்று ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை. பொக்லைன் அள்ளியது பாதி, சீயக்காய் கொண்டுபோனது மீதி. உங்கள் மர்மப் பொருளின் மர்மத்தை உண்டாக்கியதே நீங்கள்தான் ஐயா!

அகழாய்வு நடந்த மயிலாடும்பாறை உங்கள் மாவட்டம்தான். அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தபோது எல்லோரும் பெருமைப்பட்டோம். அந்த 2172ஐச் சொன்னது எது தெரியுமா? அகழாய்வுக் குழியின் மண்ணடுக்கிலிருந்து எடுத்த கரித்துண்டு. யாராவது அந்த இரும்பை மட்டும் பிடுங்கிக்கொண்டு வந்து தேய்த்து வைத்திருந்தால், அது பேரீச்சம்பழத்துக்குப் போடுகிற பழைய இரும்போடு சேர்ந்திருக்கும்.

சரி, ரோமானிய உருண்டைக்கு வருவோம். உள்ளே வெற்றிடம், பன்னிரண்டு ஐங்கோண முகங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு துளை, மூலைக்கு ஒரு குமிழ். பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனிப் பக்கங்களில் நூற்றுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. அந்தக் காலத்து ரோமானியர் எவரும் இதைப் பற்றி எழுதி வைக்கவில்லை. மெழுகுவர்த்தி தாங்கி என்றார்கள், தூரம் அளக்கும் கருவி என்றார்கள், கையுறை பின்னுவதற்கு என்றுகூடச் சொன்னார்கள். எதுவும் நிற்கவில்லை. கண்டெடுத்தவர்கள் பலரும் உங்களைப் போலத்தான், எந்தக் குழி, எந்த அடுக்கு என்று குறித்து வைக்காதவர்கள். 2023இல் இங்கிலாந்தின் நார்ட்டன் டிஸ்னி கிராமத்தில் உள்ளூர்த் தன்னார்வலர்கள் தோண்டியபோது முழுசாக ஒன்று கிடைத்தது. கூடவே நான்காம் நூற்றாண்டுப் பானை ஓடுகளும் இருந்தன. வேண்டுமென்றே அங்கே இட்டது போலத் தெரிகிறது என்றார்கள். பயன் இன்னும் தெரியாது. ஆனால் இத்தனை நாள் இல்லாத ஒரு பிடி இப்போது கிடைத்திருக்கிறது.

வேற்றுக்கிரகத்தார் என்கிறீர்கள். அத்தனை தூரம் தாண்டி வரத் தெரிந்தவர்கள், ரோமப் பேரரசின் வடமேற்கு மூலையில் மட்டும் இறங்கி, உள்ளங்கை அளவு வெண்கல உருண்டைகளை மறந்து வைத்துவிட்டுப் போனார்களா?

'சடங்குப் பொருள்' விஷயத்தில் உங்கள் எரிச்சல் நியாயம்தான். தெரியாது என்று எழுதக் கூச்சப்படுகிறவர்களுக்கு அந்தச் சொல் நல்ல போர்வை. ஆனாலும் ஒன்று யோசியுங்கள். ஆயிரம் வருஷம் கழித்து கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாண மண்டபத்தைத் தோண்டுகிறவன், மணமேடை இருந்த இடத்தில் ஒரு அம்மியைப் பார்க்கிறான். 'சடங்குப் பொருள்' என்று எழுதினால் அது தப்பா? மணப்பெண் மிதித்த அம்மிதானே. அதே அம்மியைப் பக்கத்துத் தெரு அடுப்பங்கரையில் எடுத்தால்? சேர்வராயன் மலையிலும் உங்கள் பக்கத்து மலையோர ஊர்களிலும் பிள்ளையார் முன்னால் வழவழப்பான கற்கள் சிலவற்றை வைத்துக் கும்பிடுகிறார்கள். அவை புதிய கற்காலத்துக் கற்கோடாரிகள், மரம் வெட்டச் செய்தவை. இன்றைக்கு விபூதி வாங்குகின்றன. மல்லசந்திரம் மலைமேல் பலகைக் கற்களால் கட்டியிருக்கும் கற்திட்டைகளும் அப்படித்தான். செத்தவர்களுக்குக் கட்டியதைப் பார்த்துவிட்டு ஊர்க்காரர்கள் பாண்டவர் வீடு, குள்ளர் வீடு என்று கதை கட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஒரே ஒரு பயன்தான் இருக்க வேண்டும் என்று நாம் ஏன் அடம்பிடிக்கிறோம்?

விடுபடாது என்று நினைத்த புதிரும் விடுபடும். கிரேக்கத் தீவான ஆண்டிகிதிரா அருகே, கடலில் மூழ்கிய கப்பலிலிருந்து 1901இல் ஒரு துருக்கட்டியை எடுத்தார்கள். எதற்கென்று புரியாமலே அருங்காட்சியகத்தில் கிடந்தது. பின்னால் எக்ஸ்ரே, அப்புறம் 2005இல் ஸ்கேன். உள்ளே முப்பது பற்சக்கரங்கள்! சூரிய சந்திரக் கணக்கும் கிரகணமும் சொல்லும் இயந்திரம் அது. அந்தத் துருவை ஒருவர் 'சுத்தமாக' உரசி எடுத்திருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்?

உங்களுக்கு இன்னும் வழி இருக்கிறது. எந்த மரத்துக்குப் பக்கத்தில் கிடைத்தது, எவ்வளவு ஆழம் என்று பொக்லைன் ஓட்டியவரையும் கேட்டு எழுதுங்கள். அள்ளிக் கொட்டிய மண்மேடு அப்படியே இருந்தால் யாரையும் தொடவிடாதீர்கள். மண்ணில் கிடைப்பது 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். அதனால் கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பொருளை கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். குங்குமத்தைத் துடைக்கிறேன் என்று மறுபடியும் கழுவ வேண்டாம். சீயக்காய் போட்டதையும் அவர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.