ஸ்பெயின் உள்நாட்டுப் போர்: உங்கள் கேள்விகள்

1936 முதல் 1939 வரை நடந்த ஸ்பெயின் போரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில கீழே.

கேள்வி: ஐயா, நான் ப்ளஸ் டூ படிக்கிறேன். போர் ஏன் வந்தது என்று இரண்டு வரியில் சொல்ல முடியுமா?

கொஞ்சம் கூடத்தான் ஆகும் தம்பி. 1931 ஏப்ரலில் மன்னர் 13ஆம் அல்ஃபோன்சோ நாட்டை விட்டுப் போனார், குடியரசு வந்தது. தெற்கே அந்தலூசியாவில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரே பண்ணையாரின் நிலம். உழுதவனுக்குக் காணி கிடையாது. கல்வியில் திருச்சபையின் பிடி. ராணுவத்தில் தேவைக்கு மேல் அதிகாரிகள். குடியரசு இந்த மூன்றிலும் கைவைத்தது. நிலப் பங்கீடு நத்தை வேகத்தில் நகர்ந்ததால் பண்ணையாருக்குக் கோபம், கூலிக்காரனுக்கு ஏமாற்றம். 1936 பிப்ரவரித் தேர்தலில் இடதுசாரிகளின் மக்கள் முன்னணி வென்றது. ஜூலை 17 அன்று ஸ்பானிய மொராக்கோவில், மெலில்லா நகரில், படை குடியரசுக்கு எதிராகக் கலகம் செய்தது. கலகம் செய்த தளபதிகளில் ஒருவர்தான் ஃபிராங்கோ, பிறகு அவரே அந்தத் தரப்பின் தலைவரானார்.

கேள்வி: இடதுசாரிகள் தங்களுக்குள் அடித்துக்கொண்டதால்தான் ஃபிராங்கோ ஜெயித்தார் என்கிறார்களே, சார்?

அடித்துக்கொண்டது உண்மை. 1937 மே 3 அன்று பார்சிலோனாவில், அரசே வேண்டாம் என்ற அனார்க்கிஸ்டுகளின் தொழிற்சங்கத்தின் கையிலிருந்த தொலைபேசி நிலையத்துக்குள் குடியரசுத் தரப்பின் போலீஸே நுழைந்தது. சில நாள் தெருச் சண்டையில் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். பிறகு, ஸ்டாலினை எதிர்த்த மார்க்சியக் கட்சியான போவும் (POUM) தடை செய்யப்பட்டது. அதன் தலைவர் ஆந்த்ரேவ் நின்னை சோவியத் உளவாளிகள் கடத்திக் கொன்றார்கள். முதலில் போரா, முதலில் புரட்சியா என்பதுதான் வழக்கு. வென்றால்தானே நிலத்தைப் பங்கிட முடியும் என்றது ஒரு தரப்பு. நிலம் தராவிட்டால் குடியானவன் எதற்காகச் சாவான் என்றது மறுதரப்பு. இரண்டிலும் நியாயம் இருந்தது.

ஆனால் தோல்விக்கு அதையே முதல் காரணமாக்குவதை நான் ஏற்கமாட்டேன். கலகம் தொடங்கியபோது ஃபிராங்கோவின் ஆப்பிரிக்கப் படை மொராக்கோவில் மாட்டிக்கொண்டது. கப்பல் மாலுமிகள் தங்கள் அதிகாரிகளையே எதிர்த்து, குடியரசின் பக்கம் நின்றதால் கடலைத் தாண்ட வழியில்லை. அந்தப் படையை ஜெர்மனியின் யுங்கர்ஸ் விமானங்கள் தூக்கி வந்து இறக்கின. முசோலினி 70,000 பேருக்கு மேல் அனுப்பினார். பிரிட்டனும் பிரான்சும் முன்னின்று உருவாக்கிய, இரு தரப்புக்கும் ஆயுதம் தருவதில்லை என்ற தலையிடாமை ஒப்பந்தத்தில் 27 நாடுகள் சேர்ந்தன. ஜெர்மனியும் இத்தாலியும் அதில் உண்டு! அவர்கள் கையெழுத்தும் போட்டார்கள், குண்டும் போட்டார்கள். 1937 ஏப்ரல் 26, சந்தை நாளான திங்கட்கிழமையில், வடக்கே பாஸ்க் பகுதியிலுள்ள கெர்னிகா ஊர் அவர்களின் விமானக் குண்டுகளில் எரிந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த அரசுக்கோ வெளிப்படையாகத் துப்பாக்கி வாங்க வழி அடைக்கப்பட்டது. மாஸ்கோவைத் தவிர பெரிய அளவில் விற்க ஆளில்லை. ஆயுத விலைக்காக அரசின் தங்கம் சுமார் 510 டன் அங்கே போனது. கூடவே மாஸ்கோவின் பிடியும் இறுகியது. நின்னைக் கொன்ற கைகள் ஸ்பெயினுக்குள் வந்த வழி அதுதான். உட்சண்டைக்கும் பாதி உரம் வெளியிலிருந்து வந்தது என்று நான் சொல்வது இதனால்தான்.

கேள்வி: குடியரசுக்காரர்கள் மட்டும் கொலையே செய்யவில்லையா?

செய்தார்கள். பாதிரியார்கள், துறவிகள், கன்னியர் என ஏறத்தாழ 7,000 பேர் கொல்லப்பட்டார்கள். 1936 நவம்பரில் மாட்ரிட் சிறைகளிலிருந்து கைதிகளை நகருக்கு வெளியே பாராகுவேயோஸ் என்ற ஊருக்குக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். குடியரசின்மேல் எனக்குப் பரிவு உண்டு. அதற்காக இதை மறைத்துப் பேச மனம் வராது. போர்முனைக்கு வெளியே குடியரசுப் பகுதியில் கொல்லப்பட்டவர்கள் சுமார் 50,000 பேர், ஃபிராங்கோ பகுதியில் ஒரு லட்சத்துக்கும் மேல் என்பது வரலாற்றாய்வாளர்களின் மதிப்பீடு. குடியரசுப் பகுதியில் பெரும்பாலானவை அரசின் பிடி தளர்ந்திருந்த முதல் மாதங்களில் நடந்தவை. ஃபிராங்கோவின் ஆட்களோ போர் முடிந்த பிறகும் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

கேள்வி: இந்தியர் யாராவது போனார்களா?

நாக்பூர்க்காரர் கோபால் முகுந்த் ஹூத்தார், ஜான் ஸ்மித் என்ற பெயரில், குடியரசுக்காகப் பல நாட்டுத் தொண்டர்கள் திரண்ட சர்வதேசப் படையில் சேர்ந்து போரிட்டார். பிடிபட்டுச் சிறையிலும் இருந்தார். 1938 ஜூனில் நேரு, கிருஷ்ண மேனனுடன் பார்சிலோனா போய்ப் பார்த்தார்.

கேள்வி: தோற்றவர்கள் என்ன ஆனார்கள், அண்ணா?

இதைக் கேட்டதற்கு நன்றி தம்பி, பலர் கேட்பதில்லை. 1939 ஜனவரி 26 அன்று பார்சிலோனா விழுந்ததும், ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் குளிரில் பிரெனே மலை எல்லையைத் தாண்டி பிரான்சுக்குள் போனார்கள். அங்கே ஆர்ஜெலெஸ் கடற்கரையில் பிரெஞ்சுக்காரர்கள் அவர்களை முள்வேலி போட்டு அடைத்தார்கள். தலைக்கு மேல் கூரை இல்லை. மணலில் குழி தோண்டிப் படுத்தார்கள். கவிஞர் அந்தோனியோ மச்சாதோவும் வயதான தாயோடு அந்தக் கூட்டத்தில் வந்தவர்தான். கோலியூர் என்ற கடலோர ஊரில் ஒரு சிறு விடுதியில் தங்கினார்கள். பிப்ரவரி 22 அன்று அவர் இறந்தார். மூன்று நாள் கழித்துத் தாயும் போனார். இருவரும் இன்றும் அந்த ஊரிலேயே ஒரே கல்லறையில் இருக்கிறார்கள்.