முன்னாள் மாணவர்களிடம் இணையத்தில் வேலை ஆலோசனை கேட்பது என்றால் என்ன?

காரைக்குடிப் பக்கம் படிக்கும் பிள்ளைகள் பலர் கேட்பது இது: "எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. வேலைக்கு யாரிடம் வழி கேட்பது?" உங்கள் கல்லூரியில் முன்பு படித்தவர்களை இணையத்தில் தேடிப்பிடித்து, அவர்கள் போன பாதையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஏன் பலிக்கிறது? நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். லேசான பழக்கம் உள்ளவர்தான் நாம் அறியாத செய்தியைக் கொண்டுவருவார். சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-லேயே இதை எழுதினார்.

நம் ஊருக்கு இது புதிதே அல்ல. நகரத்தார் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன காலத்தில், சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கியில் (தொழிலும் தங்கலும் ஒன்றாக நடந்த கட்டடம்) ஒரே கூரையின் கீழ் பல பெட்டிகள், அதாவது வட்டிக்கடைக்காரர்களின் மேசைப் பெட்டிகள், இருந்தன. புதிதாகக் கப்பலிறங்கிய பையன் பெட்டியடியில் உட்கார்ந்து, மூத்தவர்களைக் கேட்டுக் கேட்டுத்தான் தொழில் பழகினான். இன்று வேலை சார்ந்த சமூக வலைத்தளமான லிங்க்ட்இன்னில் உங்கள் கல்லூரிப் பக்கத்தின் 'அலும்னி' (முன்னாள் மாணவர்) பகுதிதான் அந்தக் கிட்டங்கி. யார் எந்த ஊரில், எந்த நிறுவனத்தில், என்ன வேலையில் என்று பிரித்துக் காட்டும்.

வெறும் "ஹாய் சார்" வேண்டாம். "வணக்கம் அண்ணா, நம் கல்லூரியில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். டிசைன் வேலைக்கு நீங்கள் முதலில் எந்த சாஃப்ட்வேர் பழகினீர்கள்?" என்று எழுதுங்கள். இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம் என்பதால் பதில் வர வாய்ப்பு அதிகம். வந்தால், அவர் சொன்னதைச் செய்துபார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள். என்னைக் கேட்டால் உறவு நிலைப்பது அங்கேதான்.

இதைச் சிபாரிசு கேட்பதாக நினைத்துக் கூசுகிறவர்கள் நிறைய. நீங்கள் கேட்பது வழியை, வேலையை அல்ல.