தேடினால் வெறும் பக்கம் வருகிறதே: பிஎச்பி கேள்வி பதில்

திருவாரூரில் இருந்துகொண்டு விதைக்கடை, உரக்கடைகளுக்கு பிஎச்பி என்ற புரோகிராமிங் மொழியில் வெப்சைட் பக்கங்கள் எழுதிக் கொடுக்கிறேன். இந்த வாரம் வந்த கேள்விகள் ஒன்றையேதான் சுற்றின: தேடியது டேட்டாபேஸில் இல்லாவிட்டால் என்ன காட்டுவது?

மன்னார்குடி, கல்லூரி மாணவர்: அண்ணே, நெல் ரகம் தேடும் பக்கம் செய்தேன். இல்லாத ரகத்தைத் தேடினால் டேபிளின் தலைப்பு வரி மட்டும் நிற்கிறது.

தம்பி, காட்ட வரிகள் இல்லாதபோது ஃபோர்ஈச் லூப் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். லூப்புக்கு வெளியே நீ எழுதிய தலைப்பு மட்டும் மிஞ்சும். டேட்டாபேஸோடு பேச பிஎச்பி தரும் பிடிஓவில், எல்லா வரிகளையும் எடுக்கும் ஃபெட்ச்ஆல் போட்டு முடிவை ஒரு வேரியபிளில் வாங்கு. ஒன்றும் கிடைக்காவிட்டால் காலி அரே வரும். காலியா என்று முதலில் ஓர் இஃப் போட்டுப் பார். காலி என்றால் செய்தி, இல்லையென்றால் டேபிள். ஒரே ஒரு வரியை ஃபெட்ச் வைத்து எடுத்தால் காலி அரே வராது, ஃபால்ஸ் வரும். வரிகளின் எண்ணிக்கை சொல்லும் ரோகவுண்ட்டை இதற்கு நம்பாதே. மைஎஸ்க்யூஎல்லில் சரியாக இருக்கும், ஆனால் செலக்ட்டுக்கு எல்லா டேட்டாபேஸிலும் அந்த உத்தரவாதம் இல்லை.

கும்பகோணம், பாத்திரக்கடை: சார், கிடைக்காவிட்டால் ‘எரர்’ என்று போட்டேன். சைட் கெட்டுவிட்டதா என்று போன் செய்கிறார்கள்.

அவர்கள் கேட்பது நியாயம்தான். இல்லை என்பதும் ஒரு பதில். கடைக்கு வந்து ஒருவர் கேட்கும் அளவில் குத்துவிளக்கு இல்லாவிட்டால், இருக்கிற அளவை எடுத்துக் காட்டுவீர்கள் அல்லவா? பக்கமும் அதைத்தான் செய்ய வேண்டும்.

நிஜமான எரர் வேறு. பிஎச்பி 8 முதல் பிடிஓ, குவெரி தவறினால் தானாகவே எக்ஸப்ஷன் வீசும். அதைப் பிடித்து லாக்கில் எழுதுங்கள், பார்ப்பவருக்கு ‘சற்று நேரம் கழித்துத் தேடுங்கள்’ என்று சொல்லுங்கள். அதையும் ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்று மூடி மறைப்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். டேட்டாபேஸ் படுத்திருக்கும்போது, சரக்கு இல்லை என்று நம்பி ஒருவர் வேறு ஊருக்கு பஸ் ஏறிவிடுவார்.

சீர்காழி: பெட்டியில் ஒன்றும் எழுதாமல் தேடினால் மொத்த ஸ்டாக்கும் வருகிறது.

பெயரின் ஒரு பகுதியை வைத்துத் தேட குவெரியில் போடும் லைக்கில், இரண்டு சதவீதக் குறிக்கு நடுவே ஒன்றும் இல்லையென்றால் எல்லாமே பொருந்தும். முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை டிரிம் செய்து, காலி ஸ்டிரிங் என்றால் குவெரியே ஓட்டாதீர்கள்.

பாபநாசம், விதைக்கடை: தம்பி, ‘பொன்னி’ என்று என் போனில் தேடினால் வருகிறது, மகன் லேப்டாப்பில் வரவில்லை. ஒரே எழுத்துதானே?

அக்கா, இதே கோளாறில் நானும் இரண்டு ராத்திரி தூங்கவில்லை. கண்ணுக்கு ஒன்றுதான், உள்ளே இரண்டு விதம். ‘பொ’வில் வரும் ‘ொ’ ஒரே குறியீடாகவும் இருக்கலாம், கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாகவும் இருக்கலாம். எது வரும் என்பது கீபோர்டைப் பொறுத்தது. லைக் ஒவ்வொரு குறியீடாக ஒப்பிடுவதால் இரண்டும் அதற்கு வேறு வேறு சொற்கள். சரக்கு இருந்தும் இல்லை என்று சொல்லிவிடும்.

பிஎச்பியின் இன்டில் எக்ஸ்டென்ஷனில், இந்த இரண்டு விதத்தையும் ஒன்றாக்கும் நார்மலைசர் இருக்கிறது. பெயரைச் சேமிக்கும்போதும் தேடும்போதும் அதன் வழியாக அனுப்பச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஏற்றிய பெயர்களையும் ஒரு தடவை மாற்றிவிட வேண்டும். அப்புறம் நெல் ரகப் பெயரில் ‘ஏடிடி43’, ‘ஏடிடி 43’ தகராறு: இடைவெளி நீக்கிய பெயரை டேபிளில் தனி நெடுவரிசையில் வைத்து, தேடும் சொல்லிலும் இடைவெளியை நீக்கி அதில் தேடினால் தீரும். குறுவை விதைப்பு நேரத்தில் இதில் போகும் வியாபாரம் கொஞ்சமல்ல.

நாகப்பட்டினம்: சரி, அந்தச் செய்தியில் என்னதான் எழுதுவது?

தேடிய சொல்லை அப்படியே திருப்பிக் காட்டுங்கள், எழுத்துப்பிழை இருந்தால் அவருக்கே தெரிந்துவிடும். கோடை வெறும் எழுத்தாக மாற்றிக் காட்டும் ஹெச்டிஎம்எல் ஸ்பெஷல்கேர்ஸ் வழியாக அனுப்பாமல் மட்டும் காட்டாதீர்கள், யாராவது ஸ்கிரிப்ட் எழுதித் தேடினால் அது பக்கத்தில் ஓடும். அடுத்த வரியில் மாற்று: “‘சிஆர் 1009’ இப்போது இருப்பில் இல்லை. வெள்ளம் தாங்கும் சிஆர் 1009 சப் 1 இருக்கிறது.” கூடவே கடையின் போன் நம்பர்.